கன்னியம்மாவின் மனுவில் நான் அடித்த சொல்

அன்புள்ள பாய்,

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தப் போனபோதும் அப்படித்தான், மளிகை வாங்கப் போகும்போதும் அப்படித்தான். இந்த மடலுக்கும் பட்டியலைத்தான் முதலில் எழுதினேன்.

1. இன்று காலை உங்கள் நினைவு வந்த காரணம்.
2. பருத்தி, அடிமைகள், முதலாளித்துவம் பற்றி உங்கள் கடையில் நாம் பேசியது.
3. மீன் விற்கும் கன்னியம்மாவின் மனுவில் நான் ஒரு சொல்லை அடித்தேன். வரலாற்றின்படி அது சரியான திருத்தம்.
4. அந்தச் சொல் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.
5. என் பொருட்டு நீங்கள் சொன்ன பொய்.

"சார், இந்த லிஸ்ட்ல நான் எத்தனாவது நம்பர்?" என்று கேட்பீர்கள். ஐந்திலும் நீங்கள்தான், பாய்.

இன்று காலை மருமகள் எனக்கு ஒரு புதுக் கைலி வாங்கி வந்தாள். இன்னும் தண்ணீர் படாத கைலி. பிரித்ததும் கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனை எழுந்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் தெருவில் உங்கள் கடைப் படியில் கால் வைத்ததும் வரும் அதே வாசனை. நான் துணியை முகத்தருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "என்ன மாமா, கலர் புடிக்கலையா?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அது. உங்கள் கடைக்குக் கைலி வாங்கத்தான் வந்தேன். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த தடிப் புத்தகத்தைக் கண்டு, "இது என்ன சார், செங்கல் மாதிரி?" என்றீர்கள். பருத்தியின் வரலாறு என்றேன்.

"பருத்திக்கு வரலாறா? எங்களக் கேட்டா ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லிருவோமே."

சொன்னீர்கள். உங்கள் முன்னோர் பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்தவர்கள். கட்டம் போட்ட துணி அங்கிருந்து கப்பலேறி எங்கெங்கோ போகும். ஆப்பிரிக்காவில் வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துத்தான் வாங்குவார்களாம். "வாசன இல்லன்னா இது மெட்ராஸ் துணி இல்லன்னு தள்ளிடுவானாம் சார். எங்க அத்தா சொல்வாரு." அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூட முடியவில்லை. நம் கடற்கரையில் நெய்த துணியை ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் இருந்தது.

"எதுக்குக் குடுத்தான்?"

"ஆட்களுக்கு."

"ஆளுங்க வாங்கிக்கிட்டாங்க, சரி. பதிலுக்கு என்ன குடுத்தாங்க?"

"அதைத்தான் சொல்கிறேன். துணியைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்கள்."

கையிலிருந்த மீட்டர் கோலை மெதுவாகக் கீழே வைத்தீர்கள். காத்திருந்த ஒரு பெண்மணி ஜாக்கெட் துணி என்னாச்சு என்று இரண்டு தடவை கேட்டாள். உங்கள் காதில் விழவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பீர்க்கன்கரணையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன். நீங்கள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் என் வகுப்பில் ஒருவர்கூட உங்களைப் போல மடக்கியதில்லை. ஒரு நாள் விரல்விட்டுச் சொன்னீர்கள்: "நம்ம துணியக் குடுத்து ஆள வாங்கினான். அந்த ஆள அமெரிக்காவுல பஞ்சு பறிக்க வெச்சான். அந்தப் பஞ்சு இங்கிலாந்து மில்லுக்குப் போய்த் துணியாச்சு. அந்தத் துணி நம்ம ஊருக்கு வந்து நம்ம நெசவாளி வயித்துல அடிச்சுது. ரவுண்டு சரியா சார்?"

தோராயமாகச் சரி என்றேன். துணிக்கு ஆள் வாங்கிய காலம் முந்தியது, அமெரிக்கப் பஞ்சு மில்களை நிரப்பிய காலம் பிந்தியது, இரண்டையும் நேர்க்கோட்டில் இணைக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

"தோராயம்னா? செத்தவன்லாம் தோராயமாத்தான் செத்தானா சார்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். எனக்குத்தான் முகம் சுருங்கியது.

வரலாற்றாசிரியர்கள் இதில் ஒன்றுபட்டவர்கள் இல்லை என்று உங்களுக்கு விளக்க முயன்றேன். அடிமை முறை பழைய, பின்தங்கிய ஏற்பாடு, கூலிக்கு உழைக்கும் சுதந்திரத் தொழிலாளியைக் கொண்டு வந்த முதலாளித்துவம்தான் அதை ஒழித்தது என்று ஒரு சாரார் நெடுங்காலம் எழுதினார்கள். இல்லை, அடிமைகளால் வந்த லாபம் இங்கிலாந்தின் துறைமுகங்களிலும் வங்கிகளிலும் ஆலைகளிலும் போய்ச் சேர்ந்தது, அவர்கள் பறித்த பஞ்சு இல்லாமல் அந்த ஆலைகள் அந்த வேகத்தில் ஓடியிருக்காது, அடிமை முறை முதலாளித்துவத்தின் எதிரி அல்ல, அதன் அடுப்படி என்றார்கள் மற்றவர்கள். மூன்றாவதாகச் சிலர் கணக்கைக் கேட்கிறார்கள். உறவு இருந்தது உண்மை, ஆனால் எத்தனை பங்கு? பஞ்சு வேறிடத்திலிருந்து வந்திருக்காதா? பறிப்பு கூடியது சவுக்கால் மட்டும்தானா, நல்ல விதையாலும்தானா? நான் இந்த மூன்றாம் கூட்டத்தின் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, உட்கார்ந்திருப்பவன். என் சுபாவம் அது. எந்தக் கூட்டத்திலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் தேடுவேன்.

நீங்கள் வற்புறுத்தித்தான் கிளை நூலக வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அமெரிக்கத் தோட்டங்களில் மாலைதோறும் ஒவ்வொருவரும் பறித்த பஞ்சை எடை போட்டு, பெயருக்கு நேரே எழுதி வைத்ததைச் சொன்னேன். குறைந்தவனுக்கு அடி விழுந்ததைச் சொன்னேன். அடிமைகளை வங்கியில் ஈடாக வைத்துக் கடன் வாங்கி மேலும் நிலமும் மேலும் அடிமைகளும் வாங்கியதைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள்.

"சார், அப்ப எல்லாம் பேப்பர்ல ஒழுங்கா இருந்துச்சா?"

"மிக ஒழுங்காக இருந்தது."

"கையெழுத்து, சாட்சி எல்லாம்?"

"எல்லாம்."

"அப்ப பத்திரம் இருக்கற எடத்துலதான் பயப்படணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயிலுக்குக் காத்து நின்றபோது, "நல்லாப் பேசினீங்க சார். ஆனா 'எனினும்' மட்டும் ஒரு இருவது வாட்டி வந்துச்சு" என்றீர்கள்.

இனி மூன்றாவதுக்கு வர வேண்டும். வரப் பிடிக்கவில்லை. அதனால்தான் இரண்டாவதை இத்தனை நீட்டினேன்.

கன்னியம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து வந்து, உங்கள் கடைக்கு எதிரே கூடையை இறக்குவாள். என்னை 'சாரு' என்பாள். மீன் முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வாள். சுனாமியில் அவள் வீட்டுப் படகும் வலையும் போயின. அடுத்த வருடம் ஒரு புரோக்கர் குப்பத்துக்கு வந்து, மேற்கே ஒரு நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும் என்றான். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. கன்னியம்மாவின் மகள் செல்வி போனாள். பதினாறு வயது.

ஒரு புதன்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா கூடையைப் போட்டது போட்டபடி கடைக்குள் வந்தாள்.

"பாய், எம் பொண்ணு போன்ல அழுவுது. பஞ்சு தூசி மூச்ச அடைக்குதாம். வார்டன் பக்கத்துலயே நின்னுகினு கீதாம், பேச வுட மாட்டேங்குது. பொங்கலுக்கும் அனுப்பல. நானே போனேன். வாசல்ல கீற வாட்ச்மேன் மூணு வருசம் முடியட்டும்னு சொல்லி கேட்ட சாத்திட்டான். என் பொண்ண நான் பாக்கறதுக்கு அவன் இன்னா, சாமியா?"

நீங்கள் அவளை உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, அவள் எதிரே கூடைக்குத் திரும்பியதும் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே மனு எழுதினீர்கள். ஒரே மூச்சில் எழுதி என்னிடம் நீட்டினீர்கள். "சார், தப்பிருந்தா பாருங்க. ஆபீஸுக்குப் போறது."

'என் மகளை அடிமையாக அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்று அதில் இருந்தது.

நான் பேனாவை எடுத்து 'அடிமையாக அடைத்து' என்பதை அடித்தேன். 'ஒப்பந்தத்தின்படி பணியில்' என்று மேலே எழுதினேன்.

"அடிமைன்னு போட்டா தப்பா சார்?"

"அவளை யாரும் விற்கவில்லையே, பாய். சம்பளம் உண்டு, காலக்கெடு உண்டு. அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. கண்ட இடத்தில் போட்டால் அதன் கனம் போய்விடும். கையெழுத்துப் போட்டுத்தானே போனாள்?"

"கையெழுத்து அவ போடல. அவ அப்பன் போட்டான்."

"அப்படியானால் 'தந்தையின் ஒப்புதலோடு' என்று சேர்த்துவிடலாம். இன்னும் துல்லியமாக இருக்கும்."

சேர்த்தேன். நல்ல தாளில், என் நல்ல கையெழுத்தில், தேதி போட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கூப்பிட்டதும் கன்னியம்மா வந்து பெருவிரலில் மை தொட்டு வைத்தாள். மறைக்க மாட்டேன், அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு சின்ன மன நிறைவுகூட இருந்தது. ஒரு சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

சில வாரங்களில் பதில் வந்தது. மனுதாரரே தம் மகள் ஒப்பந்தத்தின்படி, தந்தையின் ஒப்புதலோடு பணியில் இருப்பதாகத் தெரிவித்திருப்பதால் இதைக் கொத்தடிமைப் புகாராக எடுத்துக்கொள்ள இயலாது, ஊதியம், விடுப்பு தொடர்பான குறைகளை ஆலை இருக்கும் மாவட்டத்தில் உரிய இடத்தில் தெரிவிக்கலாம் என்று இருந்தது. நான் எழுதிய இரண்டு தொடர்களையும் பிழையில்லாமல் எடுத்து என் முகத்திலேயே திருப்பி ஒட்டியிருந்தார்கள்.

யாரோ அதைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு பாய் இத்த எழுதினது? அவ அப்பன் சம்மதிச்சான்னு யாரு எழுதச் சொன்னது?"

எழுந்து 'நான்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே எழுத்துச் சொல். நீங்கள் துணியை மடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான்தாம்மா எழுதினேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"துணி அளக்கற ஆளு, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? சாரு இங்கியே குந்திகினு கீறாரு. அவராண்ட குடுத்து எழுதி வாங்கக் கூடாது?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் போன பிறகும் திரும்பவில்லை. "டீ சொல்லட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு நாம் நூறு விஷயம் பேசியிருப்போம். ஆனால் எந்தத் தாளையும் திருத்தச் சொல்லி என்னிடம் நீங்கள் கொடுத்ததில்லை.

கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் அவளோடு அந்த மில் வாசலுக்கு இரண்டு தடவை போனீர்கள். இரண்டாம் தடவை நானும் வருவதாகச் சொன்னேன். காலையில் காய்ச்சல் என்று போன் செய்தேன். காய்ச்சல் இல்லை, பாய். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு வருடம் கழித்து மில்காரர்களாகவே செல்வியை அனுப்பினார்கள். வேலைக்கு ஆகாது என்று. மூன்று வருடம் முடியவில்லை என்பதால் கல்யாணத் தொகையும் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவளை நீங்கள்தான் நேரே சானடோரியம் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. பிறகு நானே பார்த்தேன். அம்மாவின் பக்கத்தில் மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கிலோ மீனை நிறுத்துப் பையில் போடுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். இருபது வயதுகூட ஆகாத பெண். கூடையை இனி அவளால் தூக்க முடியாது. சாகும்வரை அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கடையிலேயே, துணி மடித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள் என்று உங்கள் மகன் சொன்னார். அடக்கத்துக்கு வந்தேன். எல்லாருக்கும் பின்னால் நின்றேன். பள்ளிவாசலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம், கன்னியம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காததுபோல் வேறு வழியாகப் போனேன்.

இத்தனை நாளும் என்னைத் தாங்கி நின்றது மேலே உள்ள நான்காவதுதான். மூன்றாவதைப் பற்றிப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். உடைமையாக வைத்திருப்பது வேறு, ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவது வேறு. இன்றும் ஒரு மாணவன் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். அதோடு தயங்கிக்கொண்டு, நீங்கள் வாசகர் வட்டத்தில் பத்திரத்தைப் பற்றிச் சொன்னதையும் சேர்ப்பேன். அந்த வேறுபாடு புத்தகத்துக்குத் தேவை. மில் வாசலில் நின்ற ஒரு தாய்க்கு அது எதற்கு? ஆனாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நம் நாட்டில் ஆபீஸ் என்ன, மனு என்ன, அடிமை என்று எழுதியிருந்தாலும் யார் வரப்போகிறார்கள்? எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். கெட்ட உலகம் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பாய். அதில் நம் தப்பு கரைந்துவிடுகிறது.

போன வாரம் மார்க்கெட்டில் கன்னியம்மா சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே பேசினாள். அவர்கள் குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு பெண்ணாம். செல்வி இருந்த அதே மில், அதே விடுதி. அவளுடைய அப்பா, ஆட்டோ ஓட்டும் தன் மச்சானிடம் சொல்லி ஒரு மனு எழுதினாராம். நாம் எழுதிய அதே மாதம். அதே ஆபீஸ்.

"அந்த ஆட்டோக்காரன் இன்னா படிச்சிருக்கான்? எம் பொண்ண அடிமையா வச்சிகினு கீறாங்கோ, வந்து மீட்டுக் குடுங்கன்னு நாலு வரி எழுதிகினு போயி குடுத்தானாம். அங்க கீற ஆபீசர்ங்க ஜீப்ல ஆள வச்சிகினு போயி நாலு பொண்ணுங்கள இட்டாந்துட்டாங்கோ. செல்வி பேரு அந்த லிஸ்ட்ல இல்லையாம். அவளுக்குத்தான் முன்னாடியே காகிதம் வந்திடுச்சே, ஒப்பந்தம்னு. இப்பதான் சாரு எனக்கே தெரியும்."

நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாய் மேல கோவம் இல்ல சாரு. பூட்டாரு, பாவம். நல்லதுதான் நெனச்சாரு. ஆனா அவரு அப்டி எழுதாம இருந்தா எம் பொண்ணு இன்னிக்கு கூடைய தூக்கும்."

பக்கத்தில் செல்வி தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு, சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "முள்ளு பாத்து துன்னு சாரு" என்று பின்னாலிருந்து அவள் சொன்னது கேட்டது.

நாளைக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் மடல் அழகாக முடியும். என்னை எனக்குத் தெரியும். மார்க்கெட் வரை போவேன், வேறு கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை நான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இறக்கிவைக்கத் தைரியம் இல்லாத பாரம் அது. மிச்சமிருக்கிற நாளெல்லாம் அதைத்தான் சுமப்பேன் போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். நான்காவது வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். எடுத்த கை நின்றுவிட்டது. அடித்து எழுதித்தான் இவ்வளவும் வந்தது. அது அங்கேயே இருக்கட்டும், என் கையெழுத்திலேயே.

அது தவறு, பாய். அந்தச் சொல் இருந்திருந்தால் ஜீப்பில் ஐந்து பெண்கள் வந்திருப்பார்கள்.